தவிடு மாட்டுக்கு, மைதா நமக்கா?

கறவை மாடு வைத்திருக்கும் நம்மில் பலரும் கோதுமைத் தவிடு வாங்குகிறோம். தவிடு வச்சாதான் மாடு தெம்பா இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அதே வீட்டுப் பிள்ளைகளுக்குத் தவிடு நீக்கிய மைதாவில் செய்த புரோட்டாவும் பிஸ்கட்டும் வாங்கித் தருகிறோம். இரண்டுமே ஒரே மணியிலிருந்து வந்தவைதான். மணிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மூன்று பாகங்கள்

தவிடு: மணியின் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம். நார்ச்சத்து, இரும்பு, துத்தநாகம், மக்னீசியம், பி வைட்டமின்கள் பெரும்பாலும் இங்கேதான்.

முளைக்கரு: 3 சதவீதம்கூட வராது. ஆனால் அடுத்த பயிரே இதிலிருந்துதான் வருகிறது. நல்ல எண்ணெய், வைட்டமின் ஈ, தரமான புரதம் இதில் உண்டு.

மாவுப்பகுதி: மீதி 80 சதவீதத்துக்கு மேல். முளை வேர் பிடிக்கும்வரை சாப்பிட வைத்த சோறு இது. பெரும்பகுதி மாவுச்சத்து, கொஞ்சம் புரதம்.

முதல் இரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது மைதா. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியல்படி, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. இரும்பு 4 மில்லிகிராம் அளவில் இருந்து 2-க்குக் கீழே இறங்குகிறது. துத்தநாகம் 3-க்குச் சற்றுக் குறைவாக இருந்தது, 1-க்கும் கீழே போகிறது. புரத அளவில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆலைகள் முளைக்கருவை ஏன் எடுக்கின்றன? அதிலுள்ள எண்ணெயால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எடுத்துவிட்டால் மாதக்கணக்கில் கடையில் வைத்து விற்கலாம். நமக்கு அந்த அவசியம் இல்லை. மணியாகவே சேமித்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொண்டால் போதும். அரைத்த மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

சத்து உடம்பில் சேர

பயிற்சிகளில் என்னிடம் அடிக்கடி கேட்பது: "தவிட்டோட சாப்பிட்டா சத்து சேராதுன்னு சொல்றாங்களே?" அதில் பாதி உண்மை. தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நன்றாகக் காயவைத்து அரைத்தால் கஞ்சி மாவு தயார். மாவைப் புளிக்க வைத்தாலும் இதே பலன்.

கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்போ பயறோ சேர்த்தால் ஈடாகும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

எச்சரிக்கை இரண்டு: மருந்து கலந்து விதைநேர்த்தி செய்த கோதுமையைச் சாப்பாட்டுக்கு எடுக்கவே கூடாது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முழுக்கோதுமையும் ஆகாது.

நம் பொறுப்பு

நாம் நிறைய கோதுமை விளைவிப்பவர்கள் இல்லை. ஆனாலும் இந்தப் பாடம் நம் சாமைக்கும் வரகுக்கும் அப்படியே பொருந்தும். ரசாயனம் இல்லாமல் பாடுபட்டு விளைவித்துவிட்டு, "வெள்ளையா இருந்தாதான் விக்கும்" என்று இரண்டு, மூன்று முறை தீட்டிக் கொடுத்தால், மண்ணிலிருந்து மணிக்கு வந்த சத்தை ஆலையிலேயே விட்டுவிடுகிறோம். உமியை மட்டும் நீக்கி, தவிட்டோடு கொடுங்கள். தவிட்டோடு இருப்பதால் சீக்கிரம் கெடும்; அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டி விற்பதே நல்லது. நிறம் ஏன் மங்கல் என்று வாங்குபவர் கேட்டால், தவிட்டைக் கையில் கொடுத்து விளக்குங்கள்.