புளியங்கொட்டையும் பித்தப்பைக் கல்லும்

செரிமான மண்டலம் பாடத்தில் மாணவர் விடைத்தாள்களில் நான் அடிக்கடி காணும் பிழை, 'பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை' என்பது. சுரப்பது கல்லீரல், பித்தப்பை அதைச் சேமித்துச் செறிவாக்கும் பை மட்டுமே. இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, பித்தப்பைக் கல் சிகிச்சை வழியாகப் புரிய வைப்பது எளிது என்பது என் அனுபவம்.

வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் படம் வரைகிறேன். மேலே கல்லீரல், அதிலிருந்து கீழிறங்கும் ஒரு குழாய். பக்கவாட்டில் பித்தப்பை, அதன் சிறு குழாயும் இதனோடு சேர்கிறது. இரண்டும் இணைந்த பொதுப் பித்தநாளம் முன்சிறுகுடலில் திறக்கிறது. கணையநாளமும் அவ்விடத்திலேயே வந்து சேர்கிறது. பிறகு ஒரு புளியங்கொட்டையை மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்து, "இப்போது என்ன ஆகும்?" என்று கேட்கிறேன்.

முதல் இடம், பையின் உள்ளே. எந்த வழியும் அடைபடவில்லை. பலருக்கு இத்தகைய கல்லால் தொல்லையே இராது; பெரும்பாலும் அறுவையும் தேவையில்லை.

இரண்டாம் இடம், பையின் வாய். கொழுப்புள்ள உணவு உண்டதும் பை சுருங்குகிறது, கல் தடுக்கிறது. வலது மேல் வயிற்றில் கடும் வலி வரும். சிலருக்கு அது வலது தோள் வரை பரவும். கல்லீரலின் வழி திறந்தே இருப்பதால் பொதுவாக மஞ்சள் காமாலை வராது.

மூன்றாம் இடம், பொதுப் பித்தநாளம். இப்போது கல்லீரலின் வழியும் அடைபடுகிறது. கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்நிறமாகும், மலம் வெளிறும். கணையமும் அழற்சியுறலாம்.

சிகிச்சையையும் இப்படமே விளக்குகிறது. 1867இல் அமெரிக்காவில் ஜான் பாப்ஸ் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்தார். ஆனால் பை இருந்தால் மீண்டும் கல் உருவாகலாம். 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் பையையே அகற்றினார். 1985இல் ஜெர்மனியின் எரிக் மியூ அதை லேப்ராஸ்கோப் மூலம் செய்தார். இன்று வயிற்றைக் கார்பன் டைஆக்சைடு வாயுவால் உப்பவைத்து, பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்துகிறார்கள். பையின் குழாயையும் இரத்தக்குழாயையும் கிளிப்பிட்டு வெட்டிப் பையை வெளியே எடுக்கிறார்கள்.

பையை எடுத்தால் மட்டும் பித்தநாளத்தில் உள்ள கல் போய்விடாது. அதற்கு வாய்வழியே எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை செலுத்தி, நாளத்தின் திறப்பைச் சற்றுக் கீறி, சிறு வலைக்கூடை அல்லது பலூனால் கல்லை இழுத்தெடுக்கிறார்கள். 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இம்முறை தொடங்கியது. மீண்டும் கல் இறங்காதிருக்கப் பையைப் பின்னர் அகற்றுவது வழக்கம். சிலருக்கு இரண்டையும் ஒரே அறுவையில் முடிப்பதும் உண்டு.

இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "பை இல்லாமல் வாழ முடியுமா சார்?" முடியும். பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலுக்கு வரும், கொழுப்பு செரிக்கும். சிலருக்குச் சில காலம் வயிற்றுப்போக்கு இருக்கலாம். குதிரைக்கும் எலிக்கும் பித்தப்பையே இல்லை என்றால் மாணவர்கள் வியக்கிறார்கள்.

"வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் கரையாதா?" இக்கேள்வி சிறுநீரகக் கல்லை நினைத்து எழுவது. நிறைய நீர் அருந்தினால் சிறுநீர் பெருகும். சிறு சிறுநீரகக் கற்கள் அதனுடன் வெளியேறலாம். பித்தநாளம் வேறு பாதை. நாம் குடிக்கும் நீர் அவ்வழி பாய்ந்து கல்லைத் தள்ளுவதில்லை. இரண்டு பாதைகளையும் அருகருகே வரைந்தால் ஐயம் தீரும்.

இங்கே ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்லலாம்: வீட்டில் யாருக்கேனும் வயிற்றுவலியுடன் கண் மஞ்சளாகி, குளிர்காய்ச்சலும் வந்தால், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அடைபட்ட நாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டால் அது உயிருக்கே ஆபத்து.

பாட முடிவில் மதிப்பீட்டுக்கு நான் தரும் வினா இது: 'இருவருக்கும் பித்தப்பைக் கல் உண்டு, ஒருவருக்கு மட்டும் கண் மஞ்சளானது. ஏன்? படம் வரைந்து விளக்குக.' இதற்குச் சரியாக விடை எழுதும் மாணவர், பித்தநீரைச் சுரப்பது எது என்பதில் பிறகு தடுமாறுவதில்லை.