முதலமடையில் செல்போன் காட்டும் காற்று எண்

காற்றுத் தரக் குறியீடு நேராக அளந்தெடுத்த அளவல்ல. பல மாசுகளின் அளவை 0 முதல் 500 வரையிலான ஒரே கோலுக்கு மாற்றிச் சொல்லும் எண். இந்தியாவில் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பி.எம். 10, பி.எம். 2.5 எனும் இருவகைத் துகள்கள், ஓசோன், அம்மோனியா, ஈயம் உட்பட எட்டு மாசுகள் இதில் அடங்கும்.

ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டு, இருப்பதில் பெரியதையே குறியீடாக அறிவிக்கிறார்கள். சராசரி பார்ப்பதில்லை. ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 அளவு 45 மைக்ரோகிராம் என்றால் அதற்குரிய எண் 75, பி.எம். 10 அளவு 90 என்றால் எண்ணும் 90. அறிவிப்பில் வருவது 90. எனவே எண்ணைவிட, எந்த மாசால் வந்தது என்பதே முக்கியம். பி.எம். 10 மிகுந்தால் ரோட்டுப் புழுதியையும் கல்குவாரித் தூளையும் சந்தேகிக்கலாம், பி.எம். 2.5 என்றால் முதலில் புகையை. துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரிதான் கணக்கு. காலையில் ஒரு மணி நேரம் சருகு கொளுத்திய புகை அதில் கரைந்துபோகும்.

பாலக்காடு மாவட்டத்து மாந்தோப்பு ஊரான முதலமடைக்கென்று செல்போன் செயலி காட்டும் எண் பெரும்பாலும் அங்கே அளந்ததல்ல. செயற்கைக்கோள் தரவையும் கணினி மாதிரியையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. ஐரோப்பாவின் காம்ஸ் (CAMS) எனும் உலகக் காற்று மாதிரியில் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். மாந்தோப்பும் பொள்ளாச்சிச் சாலையும் நெல்லியாம்பதி மலையும் ஒரே கட்டத்துக்குள் விழக்கூடும். கோலும் வேறுபடும்: மேலே சொன்ன 45 மைக்ரோகிராம் இந்தியக் கணக்கில் 75, 'திருப்திகரம்'; அமெரிக்கக் கணக்கில் 120-ஐத் தாண்டி, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாத காற்று. செயலியின் அமைப்புப் பக்கத்தில் எந்தக் கோல் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த ஊரைப் பொறுத்தவரை குறியீட்டின் பெரிய ஓட்டை வேறொன்று. எட்டு மாசுகளில் பூச்சிமருந்து இல்லை. மா பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்குப் பவர் ஸ்ப்ரேயரில் மருந்தடிக்கும்போது, தோப்போரத்து வீட்டில் கண் எரிந்தாலும் செயலி பச்சையாகவே இருக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது காற்றின் திசை. டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழைக்காற்று பலமாக வீசும். தோப்புக்கு மேற்கே உள்ள வீடுகளில்தான் ஜன்னலைச் சாத்தி, காயப்போட்ட துணியை எடுத்து, கிணற்றையும் தண்ணீர்க் குடங்களையும் மூடிவைக்க வேண்டும்.