கண்ணீரும் நன்றியறிதலும்: மருத்துவமனையில் ஒரு கிறிஸ்துமஸ்

தியானப் பகுதிகள்: லூக்கா 2:1–20, யோவான் 11:28–44, 1 தெசலோனிக்கேயர் 5:16–18



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டது. வார்டுகளின் வாசலில் நட்சத்திர விளக்குகள் தொங்குகின்றன. மாலை வேளைகளில் பாடகர் குழுவினர் கீதங்களைப் பாடியவாறு தாழ்வாரங்களில் வருகின்றனர். அவ்விசையைக் கேட்டுச் சிலருடைய முகம் மலர்கிறது. வேறு சிலர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கின்றனர். ஊரில் இது வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நேரம். அதிரசத்துக்கு மாவு இடிக்கும் நேரம். பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கும் நேரம். அதே நேரத்தில் இங்கே ஒருவர் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகில் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார். மற்றொருவர் அடுத்த கீமோதெரபிக்காக இரத்த அணுக்களின் எண்ணிக்கை உயரக் காத்திருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே ஒரு தாய் பாய் விரித்து அமர்ந்திருக்கிறார். சென்ற ஆண்டு உடனிருந்தவர் இவ்வாண்டு இல்லை என்னும் வெறுமையோடு பண்டிகையை எதிர்நோக்கும் குடும்பங்களும் உண்டு.

இவர்களிடம் நன்றியுள்ளவர்களாய் இருங்கள் என்று சொல்வது எளிது. ஆனால், சொல்லும் விதம் தவறினால் அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகிவிடும். ஆகவே, நன்றியறிதல் என்பது என்ன, என்ன அன்று என்பதை இவ்விதழில் திருமறையின் துணையோடு சற்று நிதானமாக ஆராய்வோம்.

நன்றி என்பது ஓர் அறிதல்

நம் மொழியே இங்கு நமக்கு ஆசிரியராக அமைகிறது. நன்றி என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் நன்மை, உதவி என்னும் பொருள்கள் உண்டு. அந்த நன்மையை உணர்ந்து மறவாதிருத்தலே நன்றியறிதல். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். நன்றி மகிழ்தல் என்று நாம் சொல்வதில்லை. நன்றி அறிதல் என்றே சொல்கிறோம்.

இவ்வேறுபாடு நோயுற்றிருப்போருக்குப் பெரிய ஆறுதல் தருவது. மகிழ்ச்சியாய் இருக்கும்படி மனத்தைக் கட்டாயப்படுத்த எவராலும் இயலாது. வலி இருக்கும்போது வலிக்கத்தான் செய்யும். பிரிவு இருக்கும்போது கண்ணீர் வரத்தான் செய்யும். ஆனால், கண்ணீரின் நடுவிலும் ஒரு நன்மையை நன்மை என்று அறிந்துகொள்ளலாம். நள்ளிரவில் வந்து போர்வையைச் சரிசெய்த செவிலியரின் கரம், வரிசையில் நின்று மருந்து வாங்கிவந்த மகன், இன்று சற்றுக் குறைந்த காய்ச்சல் ஆகியவற்றை அறிவதற்கு நாம் சிரித்த முகத்தோடு இருக்கவேண்டியதில்லை. எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இவ்வறிதல் நம் அனைவருக்கும் பொதுவானது. கிறிஸ்தவ விசுவாசம் இதனோடு ஒன்றைச் சேர்க்கிறது: இந்நன்மைகளுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார், அவரிடம் நன்றியையும் சொல்லலாம், அழவும் செய்யலாம்.

அழுதவரே நன்றியும் சொன்னார்

யோவான் 11ஆம் அதிகாரத்தில் லாசருவின் கல்லறைக்கு முன் இயேசு நிற்கிறார். லாசருவை உயிரோடு எழுப்பப் போவதை அவர் அறிந்திருந்தார். ஆயினும், மரியாளும் உடன்வந்தவர்களும் அழுவதைக் கண்டபோது அவரும் கண்ணீர் விட்டார் (வசனம் 35). ஆறு வசனங்களுக்குப் பின், கண்களை ஏறெடுத்துப் பிதாவுக்கு நன்றி செலுத்தினார் (வசனம் 41). கண்ணீரைக் காயவைத்த பிறகே நன்றி சொல்லவேண்டும் என்ற விதியை நாம் இங்கே காண்பதில்லை. முடிவை அறிந்தவரே அழுதார் என்றால், முடிவை அறியாத நாம் அழுவது விசுவாசக் குறைவாகாது.

காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பந்தியில் அப்பத்தை எடுத்தபோது ஆண்டவர் நன்றி செலுத்தினார். அன்றிரவே கெத்செமனே தோட்டத்தில், கூடுமானால் துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று மன்றாடினார். திருவிருந்தைக் குறிக்கும் பண்டைய கிரேக்கச் சொல்லாகிய யூகரிஸ்தியாவுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள்.

சங்கீதப் புத்தகமும் இதற்குச் சான்று. துதியின் புத்தகம் என்று நாம் போற்றும் அதில் புலம்பலின் பாடல்கள் மிகுதியாக உள்ளன. 13ஆம் சங்கீதம், எதுவரைக்கும் என்னும் கேள்வியோடு தொடங்கி நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. இவ்விருவகைப் பாடல்களும் வேதத்தில் ஜெபங்களாகவே இடம்பெற்றுள்ளன.

ஒரு வேற்றுமை உருபின் பொருள்

எல்லாவற்றிலும் நன்றி செலுத்தவேண்டும் என்று பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதினார். அவர் அங்கு எழுதியது எல்லாச் சூழ்நிலைகளிலும் என்னும் பொருள் தரும் சொற்கள். நோயிலும் நன்றி சொல்லலாம் என்பது வேறு. நோய்க்காக நன்றி சொல்லியாக வேண்டும் என்பது வேறு. புற்றுநோயை நன்மை என்று அழைக்கும்படி எவரும் நம்மைக் கேட்கவில்லை.

எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் எல்லாவற்றுக்காகவும் என்ற கருத்தும் வருகிறதே என்று சிலர் கேட்கலாம். அதை எழுதிய பவுல் தம் உடலில் இருந்த முள்ளை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்குவதற்கான கிருபை கிடைத்தது. சுகத்துக்காக மன்றாடுவதும் கிருபைக்காக நன்றி சொல்வதும் ஒரே மனிதரின் ஜெபத்தில் இடம்பெறலாம் என்பதை நாம் இதிலிருந்து கற்கிறோம்.

முதல் கிறிஸ்துமஸ் எளிதாக அமைந்ததா?

நாம் அமைக்கும் குடிலில் எல்லாம் அழகாக இருக்கும். லூக்காவும் மத்தேயுவும் எழுதியதோ கடினமான கதை. நிறைமாதக் கர்ப்பிணி சொந்த ஊரைவிட்டுப் பயணம் செய்தார், குடிமதிப்புக்காகச் செல்லவேண்டியிருந்தது. தங்குவதற்கு இடமில்லை, குழந்தையை முன்னணையில் கிடத்தினார். நாற்பது நாள் கடந்து தேவாலயத்துக்குச் சென்றபோது, தாயின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று முதியவர் சிமியோன் முன்னறிவித்தார். பின்பு ஏரோதுக்கு அஞ்சி, குடும்பமே இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்டது. பெத்லகேமின் தாய்மார்கள் ஆறுதல் பெற மறுத்து அழுத அழுகையையும் மத்தேயு மறைக்கவில்லை.

வீட்டை விட்டு வெகுதூரம் வந்து, அறை கிடைக்காமல் அலைந்து, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் இரவைக் கழித்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்கள் கிறிஸ்துமஸுக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். அக்கதையின் மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்கள்.

டெகெல் சிறைச்சாலையில் எழுதிய கடிதங்கள்

இவ்வுண்மையைத் தம் வாழ்வில் கண்டவர்களுள் ஒருவர் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த அவர் 1943 ஏப்ரல் மாதத்தில் கைதுசெய்யப்பட்டு, பெர்லின் நகரின் டெகெல் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கிறிஸ்துமஸுக்குமுன் விடுதலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது.

அந்த டிசம்பரில் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இரண்டு செய்திகளைக் குறிப்பிட்டார். முதலாவது, கடந்த ஆண்டுகளில் பெற்றோர் அளித்த இனிய கிறிஸ்துமஸ் நாட்களின் நன்றி நிறைந்த நினைவு, இருண்ட ஓர் ஆண்டையும் ஒளிரச் செய்யும் வலிமை பெற்றது என்பது. இரண்டாவது, மனிதர் முகம் திருப்பிக்கொள்ளும் இடத்தை நோக்கியே கடவுள் வருகிறார் என்பதையும், சத்திரத்தில் இடமில்லாததால் கிறிஸ்து தொழுவத்தில் பிறந்தார் என்பதையும் சிறையிலிருப்பவர் மற்றவர்களைவிட நன்கு புரிந்துகொள்வார் என்பது.

பிரிவை எதிர்நோக்கியிருந்த தம் நண்பருக்கும் அவர் மனைவிக்கும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர் வேறொரு கடிதம் எழுதினார். அன்பானவர் இல்லாத வெற்றிடத்தை எதனாலும் நிரப்ப இயலாது. நிரப்ப முயலவும் வேண்டாம். கடவுளும் அதை நிரப்பிவிடுவதில்லை. அது வெறுமையாய் இருப்பதே அவ்வுறவைக் காத்துவைக்கிறது என்றார். நினைவுகள் எவ்வளவு இனியவையோ, பிரிவும் அவ்வளவு கடினம் என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் நன்றியறிதல், நினைவின் வேதனையை அமைதியான மகிழ்ச்சியாக மாற்றுகிறது என்று எழுதினார்.

1945 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். நன்றியறிதல் அவரைச் சிறையிலிருந்து விடுவிக்கவில்லை. சிறையில் அவர் தம்மை இழந்துபோகாதபடி அது காத்தது.

நன்றி, சுகத்துக்குக் கொடுக்கும் விலை அன்று

குஷ்டரோகிகள் பத்துப்பேரின் வரலாற்றை (லூக்கா 17:11–19) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் சமாரியர் ஒருவர் மட்டுமே. ஆயினும் பத்துப்பேரும் சுத்தமானார்கள். திரும்பாத ஒன்பது பேரிடமிருந்து சுகம் பறிக்கப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. சுகம் முன்னே வந்தது. நன்றி பின்னே வந்தது.

ஆகவே, இன்னும் அதிகமாய் ஸ்தோத்திரம் செய்திருந்தால் குணமாகியிருக்கும் என்று எவரேனும் உங்களிடம் கூறினால், அச்சுமையை நீங்கள் ஏற்கவேண்டியதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவருமல்ல, அவரைப் பெற்றவர்களுமல்ல என்னும் கருத்தில் இயேசு விடையளித்தார் (யோவான் 9). நோயாளியின் மீது பழி சுமத்தும் எந்தப் போதனையும் அவரிடமிருந்து வந்ததன்று.

இந்நாட்களில் நாம் செய்யக்கூடியவை

1. பண்டிகையைச் சிறிதாக்கலாம், தள்ளியும் வைக்கலாம். இயேசு பிறந்த தேதியை வேதம் குறிப்பிடவில்லை. கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 25 முதல் 12 நாள் நீடிக்கும். அர்மீனியத் திருச்சபை ஜனவரி 6ஆம் நாளிலேயே ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடுகிறது. வீடு திரும்பிய பிறகு குடும்பமாகக் கூடிக் கொண்டாடினாலும் அது கிறிஸ்துமஸே.

2. ஒவ்வொரு மாலையும் இரண்டு வரிகள் எழுதுவோம்: இன்று வலித்தது ஒன்று, இன்று பெற்ற நன்மை ஒன்று. இரண்டையும் ஒரே ஜெபத்தில் கடவுளிடம் சொல்வோம். எழுத இயலாதவருக்காக உடனிருப்பவர் எழுதலாம்.

3. ஒருவருக்கு நேரில் நன்றி சொல்வோம். தரையைத் துடைக்கும் அம்மாவுக்கும், சக்கர நாற்காலியைத் தள்ளும் அண்ணனுக்கும் நம் ஒரு சொல் பண்டிகைப் பரிசாகும்.

4. மறைந்தவரின் பெயரைச் சொல்வோம். அவர் விரும்பிய பாடலைப் பாடி, அவரால் நாம் பெற்ற ஒரு நன்மையைக் குடும்பமாய் நினைவுகூரலாம்.

5. உடனிருப்போர் ஓய்வு பெறட்டும். வேறொரு உறவினரை அமர்த்திவிட்டு இரண்டு மணி நேரம் உறங்குவதோ ஆராதனைக்குச் செல்வதோ நோயாளியைக் கைவிடுவதாகாது.

6. பலகாரத்திலும் பார்வையாளரிலும் கவனம் தேவை. நீரிழிவு உள்ளவர்களும் சிறுநீரக நோயாளிகளும் கேக், உலர்பழங்கள், பழச்சாறு ஆகியவற்றை உண்ணுமுன் உணவியல் நிபுணரைக் கேட்கவேண்டும். கீமோதெரபி பெறுவோரைச் சளி, காய்ச்சல் உள்ளவர்கள் சந்திக்க வரவேண்டாம். மற்றவர்களும் கை கழுவிய பின்னரே அருகில் செல்லவேண்டும்.

7. துயரம் எல்லை கடந்தால் மறைக்கவேண்டாம். இரண்டு வாரங்களுக்கு மேலாக மனச்சோர்வு நீடித்தால், உறக்கமும் பசியும் குன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எழுந்தாலோ ஒரு நாளும் காத்திராமல் உடனே சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், தம் தூதனைக்கொண்டு உணவளித்தார் (1 இராஜாக்கள் 19).

சிந்தனைக்கு

அ. நன்றியுள்ளவராய்க் காட்டிக்கொள்ளவேண்டும் என்பதற்காக நாம் யாரிடமும் சொல்லாமல் அடக்கிவைத்த துயரம் எது? அதை யாரிடம் சொல்லலாம்?

ஆ. இன்று நாம் பெற்று, இன்னும் கவனியாத நன்மை எது?

இ. நம் படுக்கைக்கு அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு இக்கிறிஸ்துமஸில் நாம் எவ்வாறு நன்மையாக இருக்கக்கூடும்?

ஜெபம்

இடமில்லாத இடத்தில் பிறந்த ஆண்டவரே, எங்கள் படுக்கைகளின் அருகிலும் நீர் வாரும். எங்களுக்கு வலிப்பதை உம்மிடம் மறைக்காத துணிவைத் தாரும். நாங்கள் பெற்ற நன்மைகளைக் காணும் கண்களைத் தாரும். சுகத்துக்காகக் காத்திருப்போருக்குப் பொறுமையையும், பிரிவால் வாடுவோருக்கு ஆறுதலையும், பணிவிடை செய்வோருக்குப் பெலனையும் அருளும். எங்கள் கண்ணீரோடு சேர்த்து எங்கள் நன்றியையும் ஏற்றுக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.