டிவியில் கோளாறு இல்லை, செட்டிங்ஸைப் பாருங்கள்

எங்கள் சொந்தத்தில் யார் புது டிவி வாங்கினாலும் ஒரு வாரத்துக்குள் எனக்கு போன் வந்துவிடும். கடைசியாகக் கூப்பிட்டது சித்தி. "பழைய சிவாஜி படம்கூட மெகா சீரியல் மாதிரி தெரியுதுடா. டிவியை மாத்தித் தரச் சொல்லட்டுமா?"

மாற்ற வேண்டியதில்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கப்படுவது. புது டிவிகள் இடையில் இல்லாத பிரேம்களைத் தாங்களே உண்டாக்கிச் செருகி, அசைவை வழவழவென்று ஆக்கிவிடுகின்றன. சீரியலையும் செய்தியையும் நொடிக்கு 50 அசைவில் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, படமும் சீரியலாகிவிடுகிறது. இந்த வசதிக்கு எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர், சோனியில் மோஷன்ஃப்ளோ. பிக்சர் மெனுவில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒளிந்திருக்கும். தேடி ஆஃப் செய்யுங்கள். இதை அணைக்கச் சொல்லி 2018-இல் டாம் குரூஸே ஒரு வீடியோ வெளியிட்டார். கிரிக்கெட்டுக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நிறம். கடையில் அத்தனை விளக்குகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காகவே இருப்பது விவிட் மோட். அதில் முகமெல்லாம் குங்குமம் பூசினாற்போல் இருக்கும். சினிமா அல்லது மூவி மோடுக்கு மாற்றுங்கள். முதலில் மங்கலாக, மஞ்சளாகத்தான் தெரியும். நாலைந்து நாள் பொறுத்தால் கண் பழகிவிடும். மாற்றியது கொஞ்ச நேரத்தில் தானாகவே பழையபடி திரும்பினால், டிவி இன்னும் ஸ்டோர் மோடில் இருக்கிறது என்று அர்த்தம். ஹோம் மோடுக்குக் கொண்டுவாருங்கள். செய்தி சேனலில் அடியில் ஓடும் வரி பாதி வெட்டுப்பட்டால் பிக்சர் சைஸில் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று ஏதாவது இருக்கும், அதைப் போடுங்கள்.

உண்மையான தலைவலி பென் டிரைவ்தான். கல்யாண வீடியோவை 32 ஜிபி பென் டிரைவில் ஏற்றப் போனால், இடம் காலியாக இருந்தும் 'ஃபைல் பெரியது' என்று கம்ப்யூட்டர் மறுக்கும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருப்பதுதான் காரணம். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினால் ஏறிவிடும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லையா? எம்கேவி என்பது டிபன் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் படம், ஒன்றில் ஒலி, இன்னொன்றில் சப்டைட்டில். ஒலி டிடிஎஸ் வகையாக இருந்தால் பல டிவிகள் அந்த அடுக்கைத் தொடவே தொடாது. சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை நிறுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு டிவி என்றால் விஎல்சி ஆப்பைப் போட்டு அதில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பேசிவிடும். மற்ற டிவிக்காரர்கள் கம்ப்யூட்டரில் ஒலியை மட்டும் ஏஏசிக்கு மாற்றினால் போதும், படத்தைத் தொட வேண்டாம்.

சப்டைட்டில் ஃபைலுக்குப் படத்தின் பெயரையே எழுத்துப் பிசகாமல் வையுங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 என்று சேமித்துப் பாருங்கள்.

ஹார்டு டிஸ்க் செருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து காணாமல் போகிறதா? பெரும்பாலும் மின்சாரம் போதாததுதான் காரணம். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் கணக்குக்கு 500 மில்லி ஆம்பியர்தான். பின்பக்கம் ஹெச்டிடி என்று எழுதிய போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 'வசனமே கேட்கலை' என்பார்கள். வால்யூமை ஏற்றினால் பின்னணி இசைதான் காதைப் பிளக்கும். சவுண்ட் மெனுவில் கிளியர் வாய்ஸ் அல்லது ஸ்பீச் என்று இருப்பதைப் போட்டுக் கொடுங்கள்.

எல்லாம் சரியானதும் ஒவ்வொரு மெனுவையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் ஆள் வந்தால் முதலில் அமுக்குவது ஃபேக்டரி ரீசெட்தான். ஆப்களின் பாஸ்வேர்டு உட்பட எல்லாம் போய்விடும். பிக்சருக்கு மட்டும் தனி ரீசெட் உண்டு, அதைச் செய்யச் சொல்லுங்கள்.