போருக்குப் பிறகு நான்கு நூல்கள்

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ வரிசையில் 26ஆவதும் கடைசியுமான நூல் ‘முதலாவிண்’. 2014 ஜனவரி 1 அன்று ‘முதற்கனல்’ நூலோடு தொடங்கிய இந்த மகாபாரத மறுஆக்கம் 2020 ஜூலையில் நிறைவடைந்தது. நூலுக்கும் நூலுக்கும் நடுவே விட்ட சிறு இடைவெளிகள் நீங்கலாக, ஆறரை ஆண்டுகள் நாள்தோறும் ஓர் அத்தியாயம் வீதம் இணையத்தில் வந்தது. அச்சில் எல்லாம் சேர்த்து 20,000 பக்கங்களைத் தாண்டும். நாகர்களின் இருட்டுலகம், ‘கிராதம்’ நூலில் தெய்வப் படைக்கலங்களைத் தேடி அர்ஜுனன் திசைதோறும் அலைவது, ‘வண்ணக்கடல்’ நூலில் இளநாகன் என்னும் தமிழ்ப்பாணன் அஸ்தினபுரி நோக்கி வடக்கே நடந்துகொண்டே இருப்பது என்று வியப்பும் சாகசமும் இதில் ஏராளம். மேலைநாட்டுப் புத்தகக் கடையாக இருந்தால் மிகுபுனைவு என்ற அலமாரியில் வைத்திருப்பார்கள். இங்கே அதற்கு இதிகாசம் என்று முன்பே ஒரு பெயர் இருக்கிறது.

ஆசிரியர் அருமனையில் பிறந்து நாகர்கோவில் பார்வதிபுரத்தில் வாழ்பவர். அதே மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து வெண்முரசைப் படித்து முடித்தவர் இக்கட்டுரையாளர். முதல் முறை தவறாக முடித்து, மறுபடி ஒழுங்காக முடித்ததில் கிடைத்தவை இங்கே சொல்லப்படுகின்றன.

கடைசி நூலை எடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, போர் அதில் இல்லை என்பது. குருக்ஷேத்திரம் 18ஆம் நூலான ‘செந்நா வேங்கை’யில் தொடங்கி, ‘திசைதேர் வெள்ளம்’, ‘கார்கடல்’, ‘இருட்கனி’ வழியாக 22ஆம் நூலான ‘தீயின் எடை’யோடு முடிந்துவிடுகிறது. துரியோதனன் விழுந்து, அசுவத்தாமன் இரவில் பாசறையை எரித்த பிறகும் நான்கு நூல்கள் மீதி இருக்கின்றன. ‘நீர்ச்சுடர்’ இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்வது. ‘களிற்றியானை நிரை’ பாழ்பட்ட அஸ்தினபுரி மறுபடி ஊராவது. ‘கல்பொருசிறுநுரை’ யாதவர்களும் துவாரகையும் அழிவது. ‘முதலாவிண்’, ஐவரும் திரௌபதியும் நாட்டைத் துறந்து இமயம் ஏறுவது.

2020 ஜூலையில் தொடர் முடியப்போகிறது என்ற செய்தி வந்தபோது இக்கட்டுரையாளர் ‘தீயின் எடை’யின் கடைசிப் பக்கங்களில்தான் இருந்தார். ஊரடங்கு, போதாக்குறைக்கு மேற்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எல்லாரும் முடிக்கும் நாளில் தானும் முடித்துவிட வேண்டும் என்ற ஆசையில், நடுவிலிருந்த மூன்று நூல்களையும் விரலால் தள்ளித் தள்ளி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முதலாவிண்ணுக்குப் போனார். அயல்வீட்டுப் பாட்டா திண்ணையில் இருந்து கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “என்ன மக்களே, இன்னும் தீரல்லியா? யுத்தம் முடிஞ்சப்பெறவு என்ன கதை இருக்கு?” அப்போது பதில் இல்லை. நூலை முடித்தபோதும் இல்லை. ஆறு பேர் மலையேறுகிறார்கள், ஒவ்வொருவராக விழுகிறார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது. விழுகிறவர்களின் முதுகில் என்ன சுமை இருந்தது என்பதெல்லாம் தள்ளிவிட்ட மூன்று நூல்களில் கிடந்தது.

பாட்டாவின் கேள்வி அவருடையது மட்டுமல்ல. தமிழில் மிகுதியும் பாடப்பட்ட பாரதமான வில்லிபுத்தூராரின் நூல் பத்தே பருவங்கள் கொண்டது. சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுகிறது. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தும் பதினெட்டாம் போரில் உச்சம் கொள்கிறது. மண்ணால் பெரிய துரியோதனனைச் செய்து படுகளம் நடத்துவார்கள், பிறகு தீமிதி, தருமர் பட்டாபிஷேகம். முடிசூடிய தருமர் பின்னர் என்ன ஆனார் என்பது பெரும்பாலான ஊர்களின் நினைவில் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பின்னாளில் நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பருவமும் பாடினார் என்றாலும் வில்லிக்குக் கிடைத்த பரவல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே தமிழ் வாசகர் இந்தக் கடைசி நான்கு நூல்களுக்குள் ஏறத்தாழ முன்னறிமுகம் இல்லாமல் நுழைகிறார்.

பழைய விளவங்கோடு வட்டத்துக்கு இதில் ஒரு சலுகை உண்டு. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மலையாளம் படித்த முதியவர்கள் இருந்த வீடுகளில் எழுத்தச்சனின் கிளிப்பாட்டுகள் இருக்கும். கர்க்கடக மாதத்தில் ராமாயணம் வாசிப்பது வழக்கம். எழுத்தச்சனின் பாரதம் கிளிப்பாட்டு வில்லியைப் போல் நடுவில் நிற்காமல் மௌசலம், மகாபிரஸ்தானம், சுவர்க்காரோகணம் வரை செல்கிறது. ஆக, ஒரே தெருவில் தமிழ்ப் பாரதம் அறிந்தவருக்குக் கதை போரோடு முடிகிறது, மலையாளப் பாரதம் அறிந்தவருக்கு இமயம் வரை நீள்கிறது. பாட்டா தமிழ்ப்பக்கம்.

எனவே முதல் யோசனை எளியது. 26 நூல்களையும் படிக்க நேரமில்லாதவர்கூட முதலாவிண்ணைத் தனியாக எடுக்கக் கூடாது. நீர்ச்சுடரிலிருந்து நான்கையும் ஒரே நூலாக எண்ணிப் படிக்க வேண்டும். போர் நூல்களின் வேகம் இவற்றில் இல்லை. படை வகுப்பும் அம்பும் பழகிய கண்ணுக்கு, பெண்கள் ஆற்றங்கரையில் நிற்பதும் ஊரில் புதிய குடிகள் வந்து குடியேறுவதும் முதலில் சப்பென்று இருக்கும். தீயின் எடையை முடித்ததும் ஒன்றிரண்டு வாரம் வேறு எதையாவது படித்துவிட்டு வந்தால் போரின் பதற்றம் அடங்கும். மறுவாசிப்பில் அப்படித்தான் செய்யப்பட்டது, பலன் இருந்தது.

மொழியும் பழக வேண்டிய ஒன்று. தேங்காய்ப்பட்டணத்து வாசகரின் காது தோப்பில் முஹம்மது மீரானுக்குப் பழகியது. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் இந்த ஊரின் பேச்சையே அப்படியே எழுத்தாக்கியவர் அவர். அங்கிருந்து வெண்முரசுக்கு வந்தால், வடசொல்லைக் கூடுமானவரை விலக்கி, புதுச் சொற்களைக் கூட்டிச் செய்து, யாரும் எங்கும் பேசாத ஒரு தமிழ் நிற்கிறது. 50 பக்கம் வரை கல் கடிக்கும். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் இளகிவிடும். கண் தடுக்கும் சொல்லை நாக்கு எளிதாகத் தாண்டிவிடுகிறது. கடைசி நூலுக்கு இது இன்னும் பொருந்தும். தொடரிலேயே மிகச் சிறியது அது என்பதால் இரண்டு மூன்று நாளில் விழுங்கிவிடக் கை துறுதுறுக்கும். நாளுக்கு ஓர் அத்தியாயம், அதுவும் சத்தமாக, என்ற அளவே சரி. வெளிவந்ததும் அந்த வேகத்தில்தான்.

நான்கில் இந்தக் கரைக்கு மிக நெருங்கியது கல்பொருசிறுநுரை. குறுந்தொகையின் 290ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் தெரியாததால், பாட்டில் வரும் உவமையையே பெயராக்கிக் கல்பொரு சிறுநுரையார் என்றார்கள். பாறையில் மோதி மோதி இல்லாமல் போகும் நுரை. தேங்காய்ப்பட்டணத்தில் இதற்கு உரை தேவையில்லை. குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகத்தில், துறைமுகத்துக்காகக் கொட்டிய கருங்கல் தடுப்புச் சுவர்மேல் ஆனி ஆடி மாதங்களில் நாள் முழுக்க நடப்பது அதுதான். கடலரிப்பில் வீடு இழந்தவர்கள் சுற்றுவட்டக் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். துவாரகையைக் கடல் கொள்ளும் பகுதியை இங்கே படிப்பவருக்கு அது புராணமாகப் படாது. இக்கட்டுரையாளர் அந்தப் பகுதியைப் படித்த இரவில் எழுந்து போய்க் கதவைத் திறந்து கடல் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அபத்தம்தான்.

இந்த நூலில் பெயர்க் குழப்பம் மிகுதி. பாகவதக் கணக்கில் கிருஷ்ணனின் எட்டு அரசியருக்கும் ஆளுக்குப் பத்து மைந்தர், ஆக 80 பேர். பிரத்யும்னன், சாம்பன், பிரத்யும்னனின் மகன் அனிருத்தன் ஆகியோரை மட்டும் தெரிந்தவர் தடுமாறிப் போவார். ஒரு பழைய நோட்டில் எட்டுத் தாயாரையும் தலைப்பாகப் போட்டு, பெயர் வர வர அவரவர் பிள்ளைகளை அடியில் எழுதிக்கொண்டால் போதும். யார் யாருடன் சேர்கிறார்கள், எந்தத் தாயின் குலம் எதைக் கேட்கிறது என்பது தானாகப் புலப்படும். சாம்பன் கர்ப்பிணி வேடம் போட்டதால் வந்த முனிவர் சாபம், இரும்பு உலக்கை, அதன் தூளிலிருந்து முளைத்த கோரை ஆகிய மூலக்கதைகளையும் முன்பே அறிந்து வைப்பது நல்லது. முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற அச்சம் இங்கே செல்லாது. பாரதத்தின் முடிவு எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்த ஒன்றை எப்படி நெருங்குகிறார்கள் என்பதற்காகவே கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாவிண்ணுக்குத் துணையாக வியாசரின் 17, 18ஆம் பருவங்களைப் படிப்பது மிகவும் உதவியது. செ. அருட்செல்வப்பேரரசன் கிசாரி மோகன் கங்குலியின் ஆங்கில வடிவிலிருந்து முழு மகாபாரதத்தையும் தமிழில் தந்திருக்கிறார். மகாபிரஸ்தானிக பருவம் மூன்றே அத்தியாயம்தான். முதலில் திரௌபதி விழுகிறாள், பிறகு சகதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன். ஏன் விழுந்தாள், ஏன் விழுந்தான் என்று பீமன் கேட்கக் கேட்கத் தருமர் திரும்பிப் பார்க்காமல் காரணம் சொல்லிக்கொண்டே நடக்கிறார்: அர்ஜுனன்மேல் கூடுதல் அன்பு, அறிவுச் செருக்கு, அழகுச் செருக்கு, வில்லாண்மைச் செருக்கு, பெருந்தீனி. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். இவ்வளவு வறண்டு, இவ்வளவு கடுமையாக வேறெந்தக் காவியமும் தன் நாயகர்களைக் கைவிட்டிருக்குமா என்பது சந்தேகம். இந்த எலும்புக்கூட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நாவலுக்கு வந்தால், ஜெயமோகன் எங்கே சதை வைத்தார், எங்கே எலும்பை அப்படியே விட்டார் என்று தெரியும்.

சுவர்க்காரோகணத்தில் ஒரு திருப்பம் உண்டு. மேலுலகம் சென்ற தருமர் அங்கே முதலில் காண்பது அரியணையில் ஒளியோடு அமர்ந்திருக்கும் துரியோதனனை. தம்பியரின் குரல் கேட்பதோ நரகத்திலிருந்து. தருமர் கொதித்துப் போகிறார். வியாசரை மட்டும் படித்தவரும் கூடவே கொதிப்பார். வெண்முரசைத் தொடக்கத்திலிருந்து படித்தவருக்கு அப்படி இராது. ‘வெய்யோன்’ நூலில் கர்ணனைத் தழுவி நின்ற துரியோதனனை, நூற்றுவரின் பிள்ளைகள் தோளில் தொற்றிக்கொள்ளும் பெரியதந்தையைக் கண்டவர் அவர். அவனுக்கு விண்ணுலகம் கிடைத்ததில் வியக்க அவருக்கு ஒன்றுமில்லை. நீண்ட தொடர் ஒன்றைப் பொறுமையாகப் படித்ததற்கான கூலி இப்படி ஓரிடத்தில் மொத்தமாக வந்து சேர்கிறது.

நெடுந்தொடர்கள் முடியும் விதம் பலவகை. கல்கி ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகர’த்தை 91 அத்தியாயங்களாக, ஐந்திலும் பெரியதாக எழுதினார். அப்படியும் வாசகர்களின் கேள்வி ஓயாமல் முடிவுரை ஒன்று எழுத நேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வழக்கு இன்றும் டீக்கடையில் நடக்கிறது. டோல்கீனின் மோதிரத் தொடரில் மூன்றாம் நூல் 1955இல் வந்தது. அதில் மோதிரம் எரிமலையில் விழுந்த பிறகும் ஆறு அத்தியாயங்கள் மீதி. வீடு திரும்பினால் வீடு பழைய வீடாக இல்லை. வெண்முரசின் நான்கு நூல்களும் அந்த வகையே, அளவு மட்டும் மலையளவு. ராபர்ட் ஜோர்டான் தன் தொடரை முடிக்காமல் 2007இல் இறந்தார். அவர் குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் 2013இல் 14ஆம் நூலோடு நிறைவு செய்தார். ஜார்ஜ் மார்ட்டினின் தொடர் ஐந்தாம் நூல் 2011இல் வந்ததோடு நிற்கிறது. இவற்றை எண்ணும்போது, ஒரே ஆள் ஆறரை ஆண்டில் எழுதி முடித்ததே சாகசம்.

அச்சு நூல் வாங்குபவருக்கு ஒரு சிறு குறிப்பு. கடற்கரை வீட்டில் தாள் உப்புக்காற்றில் ஈரம் குடித்து உப்பும். கெட்டி அட்டை வளைந்து, பின்பு நேராகாது. சுவரோடு ஒட்டாமல், தரையில் வைக்காமல், மர அலமாரியில் நெருக்கமில்லாமல் நிறுத்தி, மழை விட்ட நாளில் கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும். கனமான நூலைப் படுத்தபடி நெஞ்சில் வைத்துப் படிப்பவர் தலையணையை முன்னே வைத்துக்கொள்வது நலம். மறுவாசிப்பில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது பத்து நாள் விடவில்லை.

முடித்த பிறகு என்ன படிப்பது என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். மூலத்தில் சுவர்க்காரோகணத்தின் இறுதியில் கதை மறுபடி ஜனமேஜயனின் சர்ப்பவேள்விக்கே திரும்புகிறது. ஆஸ்திகனால் பாம்புகள் பிழைத்ததும், ஜனமேஜயன் தட்சசீலத்திலிருந்து அஸ்தினபுரிக்கு மீண்டதும் சொல்லி நிறைகிறது. வெண்முரசின் முதல் நூலோ அதே ஆஸ்திகன் சிறுவனாகத் தன் தாய் மானசாதேவியிடம் கதை கேட்பதில் தொடங்குகிறது. முதற்கனல், முதலாவிண் என இரண்டு பெயரிலும் ‘முதல்’ இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இக்கட்டுரையாளர் 26ஐ அலமாரியில் வைத்த கையோடு 1ஐ எடுத்து முதல் சில அத்தியாயங்களை மட்டும் படித்தார். பாட்டா அன்றைக்கும் திண்ணையில் இருந்தார். “தீந்துதா மக்களே?” என்று கேட்டார்.