அளவையும் உண்மையும்

‘அளவை’ என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்பது. முழம், மரக்கால், அந்தர் முதலியவற்றால் ஒரு பொருளை அளந்தறிதல் ஒன்று; ஒரு கூற்று மெய்யோ பொய்யோ என்று துணிதற்குரிய கருவி மற்றொன்று. அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துக்கள் ஒன்பது எனத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வரையறை செய்வர். மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் வைதிகவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கின்றான். சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாசாரியர் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கி, ஐயமுந் திரிபும் நீங்கிய காட்சியையே மெய்க்காட்சியாகக் கொள்வர். இவற்றைப் பல்லாண்டு வகுப்பறையிற் கற்பித்துவந்த யாம், அச்சொல்லின் இருபொருளும் ஒன்றையொன்று தழுவி நிற்பதை ஒரு விஞ்ஞான பாடத்திலேதான் உணர்ந்தோம். அதனையும், அப்பாடத்தில் யாம் இழைத்த பிழையொன்றினையும் இவ்விழா மலரில் எழுத விழைகின்றோம்.

ஆசிரிய கலாசாலையில் யாம் பயிற்சி பெற்றது தமிழ் கற்பித்தலிலே. ஆயினும் சில ஆண்டுகளின் முன், இக்கரையோரத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபோது, ஒரு தவணைக்கு எட்டாந் தரத்தின் விஞ்ஞான பாடமும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நீரின் கொதிநிலையை அளத்தல் அன்றைய பரிசோதனை. குழாய்நீர் வராமையால் அவரவர் வீட்டிலிருந்து ஒரு போத்தல் நீர் கொண்டுவரும்படி மாணாக்கரிடங் கூறியிருந்தோம். நான்கு குழுக்கள், நான்கு மதுசாரவிளக்குகள், நான்கு வெப்பமானிகள். மூன்று குழுவினர் 100 பாகை செல்சியசு என எழுதினர். நான்காங் குழுவின் மாணவனொருவன் எழுதுகோலை எடுத்தவாறே எம்மை நோக்கி, “சேர், புத்தகத்தில் இருப்பதை எழுதவா, வெப்பமானியில் இருப்பதை எழுதவா?” என்று வினவினான்.

யாம் சிறிதும் எண்ணாது, “புத்தகத்தில் உள்ளதை எழுது, பரீட்சையில் அதுதான் வரும்” என்றோம். அவனோ 104 என்றே எழுதினான். யாம் அதன்மேற் சிவப்புக் கோடிட்டோம். மணி ஒலித்தது, வகுப்புக் கலைந்தது.

அன்றிரவு அவ்வினா எம்மை உறங்கவிடவில்லை. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் வரிசை பிறழாது ஒப்புவிக்கும் யாம், ஒரு சிறுவன் தன் கண்ணாற் கண்டதை உரைகொண்டு அழித்துவிட்டோமன்றோ? அவன் கண்டது திரிபாயின் அது திரிபு எனக் காட்டியிருத்தல் வேண்டும்; மெய்யாயின் அதனை ஏற்றிருத்தல் வேண்டும். இரண்டையுஞ் செய்யாது மையாற் கோடிட்டமை ஆசிரியர்க்கு அழகன்று.

மறுநாள் அவனை அழைத்து, நீர் எங்கே எடுத்தது என்று கேட்டோம். தந்தை உப்பளத்தில் வேலை செய்பவர் என்றும், உப்பு விளையும் பாத்திக்கு முந்திய பாத்தியிலிருந்து எடுத்துத் தந்தார் என்றும் அவன் கூறினான். விஞ்ஞான முறையின் முதலிரு படிகளும் அங்கே தாமே அமைந்துவிட்டன. முதலாவது அவதானம்: ஒரு நீர் மட்டும் மிகுந்த வெப்பத்திற் கொதிக்கின்றது. இரண்டாவது கருதுகோள்: கரைந்துள்ள உப்பே அதற்குக் காரணமாகலாம். எஞ்சியது பரிசோதனை. கருதுகோள் என்பது முடிவன்று, சோதித்தற்கு முன்வைக்கும் ஊகமே என்பதை மாணாக்கர்க்கு முதலில் தெளிவாக்கினோம்.

ஒரு காரணத்தைச் சோதிக்குங்கால் அதனையன்றி ஏனையவெல்லாம் மாறாதிருத்தல் வேண்டும். ஆதலின் ஒரே அளவான இரு முகவைகளில், ஒன்றில் கிணற்று நீரும் மற்றொன்றிற் பாத்தி நீருமாக, 100 மில்லிலீற்றர் வீதம் அளந்து ஊற்றினோம். பழுது வெப்பமானியிலேயோ என்னும் ஐயத்தை நீக்க, இரண்டையும் இடம்மாற்றியும் வாசித்தோம். குமிழ் முகவையின் அடியைத் தொடாது நீரினுள் நிற்கச் செய்தோம். கண்ணைத் திரவ மட்டத்திற்கு நேராக வைத்து மும்முறை வாசித்தோம். கிணற்று நீர் 100 பாகையை அடுத்துக் கொதித்து, அங்கேயே நின்றது. பாத்தி நீரோ 103 இற் கொதிக்கத் தொடங்கி, நீராவி வெளியேற வெளியேற 104, 105 என ஏறியது. நீர் குறைய உப்பின் செறிவு மிகுதலின் கொதிநிலையும் உயர்கின்றது. புத்தகம் பொய் கூறவில்லை. அது கூறியது கடல்மட்ட வளியமுக்கத்தில் உள்ள தூய நீரைப் பற்றி. மாணவனும் பொய் எழுதவில்லை. அவன் அளந்தது வேறு நீர்.

இவ்வுண்மை உப்பளத்தாருக்குப் புதிதன்று. அவர்கள் கடல்நீரின் செறிவை போமே பாகையில் அளப்பர். பிரெஞ்சு இரசாயனவியலாளர் அந்துவான் போமே 1768 இல் வகுத்த முறை அது; கண்ணாடிமானியை நீரில் மிதக்கவிட்டு, அமிழும் ஆழத்தை வாசிப்பர். கடல்நீர் ஏறத்தாழ 3 முதல் 3.5 பாகை. வெயிலுங் காற்றும் நீரை ஆவியாக்க, முதலிற் கல்சியங் காபனேற்றும், 13 பாகையை அண்மித்து ஜிப்சமும் படியும். 25 பாகையளவிற் கறியுப்புப் பளிங்காகும். 30 பாகையை எட்டுமுன் எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றுவர். இன்றேல் மகனீசிய உப்புக்கள் கலந்து உப்புக் கசப்பதுடன் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். மானி இல்லாத பாடசாலையிலும் இதனைக் காட்டலாம். ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 1 கிலோகிராம் நிறுக்கும், கடல்நீர் 1.025, உப்புப் பளிங்காகும் நிலையில் உள்ள நீர் 1.2 அளவு. தராசொன்றும் அளவுச்சாடியொன்றும் போதும்.

காவலைப் பற்றியும் அன்று கற்றோம். உப்பு நீர் செறியச் செறியத் தெறிக்கும். ஒரு துளி ஒரு பிள்ளையின் மணிக்கட்டில் விழுந்தது. வாளியில் இருந்த கிணற்று நீரைக் குவளையால் மொண்டு 20 நிமிடம் மெல்ல ஊற்றினோம், கொப்புளம் எழவில்லை. அதன்பின் கண்காப்புக் கண்ணாடியும், கொதியை அடக்க நீரிலிடும் ஓட்டுத் துண்டுகளும் இன்றி யாம் எதனையுங் கொதிக்க வைத்ததில்லை. நம் கரையோரப் பிள்ளைகளிடம் மற்றொரு வழக்கம் உண்டு. எந்நீரைக் கண்டாலும் விரலால் தொட்டு நாவில் வைப்பர். உப்பளத்தில் அது அனுபவ அறிவாகலாம். ஆய்வுகூடத்தில் அது ஆபத்து. ஆகவே அவ்வகுப்பின் சுவரில் இவ்விதிகளை எழுதி வைத்தோம்:

எதனையுஞ் சுவைத்துப் பாராதே. மணத்தை அறிய வேண்டின், கையால் ஆவியை உன்பால் மெல்ல வீசிக்கொள். அமிலத்தை நீரிற் சிறிது சிறிதாகச் சேர். அமிலத்தின்மேல் நீரை ஊற்றாதே. சூடாக்கும் பரிசோதனைக்குழாயின் வாயை எவர் முகத்துக்கும் நேரே பிடியாதே. எரியும் விளக்கில் மதுசாரம் வாராதே. உடைந்த கண்ணாடியைக் கையால் எடாதே. தவறான வாசிப்பை அழியாதே. ஒற்றைக் கோடிட்டு, அருகே திருத்தமும் காரணமும் எழுது.

இறுதி விதி ஏனையவற்றினும் அரியது. எதிர்பாராத எண்ணை மறைக்காத நேர்மையே பெரிய கண்டுபிடிப்புக்களுக்கு வாயிலாயிற்று. ஆங்கில அறிஞர் இரேலி பிரபு, வளியிலிருந்து பெற்ற நைதரசன், இரசாயனச் சேர்வைகளிலிருந்து பெற்ற நைதரசனை விடச் சிறிதளவு கனமாயிருப்பதைக் கண்டார். அவ்வேறுபாட்டை வழு என ஒதுக்கியிருக்கலாம். அவரோ ஒதுக்காது 1892 இல் வெளிப்படையாக எழுதிக் காரணம் வினவினார். அதன் வழியே அவரும் இராம்சேயும் 1894 இல் ஆகன் என்னும் வாயுவைக் கண்டறிந்தனர். 1904 இல் இரேலி பௌதிகத்துக்கும் இராம்சே இரசாயனத்துக்கும் நோபெல் பரிசு பெற்றனர். சிறியதோர் எண் வேறுபாட்டினுள் ஒரு மூலகமே ஒளிந்திருந்தது.

எம் மாணவன் புதிய மூலகம் எதனையுங் கண்டானல்லன். ஆயினும் ஆசிரியர் சொல்லையும் மீறித் தன் காட்சியைப் பதிந்தான். அத்துணிவை ஒரு சிவப்புக் கோடு அழித்துவிடுமாயின், பின்னர் எத்தனை கருவிகள் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. அவன் புத்தகத்தைப் பார்த்து எழுதவே பழகுவான். வளர்ந்தபின் கணக்கேட்டிலும் அலுவலக அறிக்கையிலும் பிறர் விரும்பும் எண்ணையே எழுதுவான்.

பழைய மாணவர் நமது கல்லூரிக்கு விழாக்காலத்தில் நற்கொடை செய்ய எண்ணுவது வழக்கம். கட்டடமும் மேடையும் வேண்டியனவே. அவற்றோடு ஒரு நல்ல தராசு, சில அளவுச்சாடிகள், இரசமில்லா வெப்பமானிகள், ஒரு வகுப்புக்குப் போதிய கண்காப்புக் கண்ணாடிகள் ஆகியவற்றையும் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். ஆசிரியர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே: மாணவனது விடை நூலோடு முரணுங்கால், பிழையெனக் கோடிடுமுன் எவ்வாறு அளந்தாய் என்று கேளுங்கள்.

அம் மாணவனின் பயிற்சிக் கொப்பியில் எமது சிவப்புக் கோட்டை யாம் அழிக்கவில்லை. வகுப்பின் முன்னிலையில் அதன் அருகே, “104 சரி. கோடிட்டது ஆசிரியர் பிழை, நீரின் வேறுபாட்டை விசாரியாமை காரணம்” என்று எழுதிக் கையொப்பமிட்டு, அன்றைய திகதியுங் குறித்துக் கொடுத்தோம்.