பனியா, புகையா?

2019 செப்டம்பர். மணி பத்தாகியும் சன்னலுக்கு வெளியே மலைச்சரிவு தெரியவில்லை. “டீச்சர், இன்றைக்கு ஏன் பனி இன்னும் விலகவில்லை?” என்று கோலா தெர்லாவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள். சன்னலைத் திறந்து மோந்து பார்க்கச் சொன்னேன். எரிந்த வாடை வந்தது.

கேமரன் மலையில் பனி அன்றாடக் காட்சி. அதனால் புகைமூட்டத்தையும் பனியென்று எண்ணி விட்டுவிடுகிறோம். பனிமூட்டம் நீர்த்துளிகளால் ஆனது; வாடை இருக்காது; வெயில் ஏறினால் ஆவியாகிவிடும். புகைமூட்டத்தில் இருப்பவை திடத் துகள்கள், நண்பகலிலும் விலகாது, சூரியன் சிவந்த வட்டமாகத் தெரியும்.

எங்கிருந்து வருகிறது?

சுமத்ராவில் தானா காம்புட் எனப்படும் கரிச்சதுப்பு நிலங்கள் உள்ளன. இவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிய தாவரங்களால் ஆனவை. விவசாயத்திற்காக நீரை வடித்துத் தீயிட்டால், நிலத்தடியில் சுடரின்றி வாரக்கணக்கில் புகையும். முழுமையாக எரியாததால் புகை அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று அதை நம் நாட்டிற்குக் கொண்டு வருகிறது.

உடலில் என்ன நடக்கிறது?

மூக்கிலுள்ள முடியும் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். ஆனால், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் (முடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு) நுரையீரலின் காற்று நுண்ணறைகள்வரை செல்லும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா மோசமாகும், இதயமும் பாதிக்கப்படும்.

சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்குச் சுமார் 6 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். கொழுந்து மூட்டையோடு மேடேறும் தொழிலாளி பல மடங்கு சுவாசிக்கிறார். புகை ஒன்றுதான், உள்ளே போகும் அளவு வேறு. அந்த மாணவியின் தாயாரும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்.

ஐபியு குறியீடு

0–50: நன்று
51–100: மிதம்
101–200: ஆரோக்கியமற்றது
201–300: மிகவும் ஆரோக்கியமற்றது
300க்கு மேல்: அபாயம்

2013 ஜூனில் முவாரில் இது 700ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

பருவநிலையோடு என்ன தொடர்பு?

எல் நினோ ஏற்பட்ட 1997, 2015 ஆண்டுகளில் மழை குறைந்து தீ பெரிதாகப் பரவியது. எரியும் கரிச்சதுப்பு நிலம், சேமித்து வைத்திருந்த கார்பனைக் கரியமில வாயுவாக வெளியிடுகிறது. அதனால் பூமி மேலும் வெப்பமாகிறது. வறட்சி கடுமையானால் தீ மீண்டும் எளிதில் பற்றும். இது ஒரு சுழற்சி.

நாம் என்ன செய்யலாம்?

குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியில் விளையாட வேண்டாம். துணி முகக்கவரி நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 வகையே ஏற்றது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைவசம் வைத்திருங்கள். வீட்டில் வெளிவேலைக்குச் செல்வோருக்கும் குறியீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். குப்பையை எரிக்காதீர்கள்: இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கி, மேலே உள்ள வெப்பக் காற்று மூடிபோல் அமைவதால், காலைப் புகை வெளியேற வழியில்லாமல் நம் வீடுகளைச் சூழ்ந்து நிற்கும்.

சிந்திக்க

1. பனியையும் புகையையும் வேறுபடுத்த மூன்று வழிகள் கூறுக.
2. ஒரே புகையில் மாணவரைவிடத் தோட்டத் தொழிலாளி அதிகம் பாதிக்கப்படுவது ஏன்?